மட்டம் வேறு, ஓட்டம் வேறு

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் நான்கு பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். விடுமுறையில் கயாக் எடுத்துக்கொண்டு கொங்கண் பக்கம் ஏதாவது ஓர் ஆற்றுத்தீவில் மீன் பிடிக்கப் போகிறார்களாம். "அங்கிள், நீங்க போயிட்டு வந்தீங்களாமே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் மனம் கேட்கவில்லை. நன்றாக இருந்தது உண்மைதான். ஆனால் நடுவில் இரண்டு மணி நேரம் நன்றாக இல்லை. அதைச் சொல்லாமல் அந்தப் பிள்ளைகளை அனுப்புவது சரியல்ல என்று தோன்றவே இதை எழுதுகிறேன். இதில் வரும் ஒரு சம்பவம் என் வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது. பத்திரிகை அச்சாகி வருவதற்குள் நானே சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.

என்னோடு வந்த நண்பர் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் காலம் வரை கட்டுமரத்தொழில். இவர் படித்துவிட்டு மும்பைக்கு வந்து துறைமுக வேலையில் சேர்ந்து ஓய்வு பெற்றவர். நான் திருநெல்வேலிப் பக்கம். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பெரும்பாலும் பாலங்களோடு காலம் தள்ளியவன். இரண்டு வயது மூத்தவன் என்பதால் அவர் என்னை 'அண்ணாச்சி' என்பார். நான் அவரை 'வே' போட்டுத்தான் பேசுவேன். முப்பது வருஷப் பழக்கம்.

கயாக் என்றால் என்ன என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் அல்லது இருவர் உட்கார்ந்து, இருமுனைத் துடுப்பால் வலித்துப் போகும் சிறு படகு அது. ஆதியில் வடதுருவத்துப் பக்கம் தோலால் செய்தார்கள். அதில் உடம்பின் பாதி படகுக்குள் இருக்கும். இப்போது மீன் பிடிக்க விற்பது வேறு மாதிரி. உள்ளே கூடாக, நாலு பக்கமும் மூடிய பிளாஸ்டிக் ஓடு. அதன் மேல் நாம் உட்காருகிறோம். நம் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி எப்படி வார்க்கப்படுகிறதோ, அதே முறையில், சூடான அச்சைச் சுழற்றி வார்க்கிறார்கள். உட்காரும் தளத்தில் ஆரப்பாரத் துளைகள் இருக்கும். முதன்முதலில் பார்த்தபோது, "ஓட்டைப் படகை விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறீரே" என்று நண்பரைக் கேலி செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க ஐயா மரத்துல இதைவிடப் பெரிய ஓட்டை இருக்கும், அண்ணாச்சி" என்றார்.

யோசித்தால் அவர் சொன்னது முற்றிலும் சரி. கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அலை மேலே ஏறினால் இடுக்கு வழியே இறங்கிவிடும். நீர் நிரம்பி மூழ்கும் பேச்சே இல்லை. இந்தக் கயாக்கும் அப்படித்தான். தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால், ஏறிய தண்ணீர் துளை வழியே தானாக வடிந்துவிடும். மரத்தின் மிதவைக்குப் பதில் ஓட்டுக்குள் அடைபட்ட காற்று, வித்தியாசம் அவ்வளவே. ஆங்கிலக்காரர்கள் 'கட்டமரான்' என்ற சொல்லையே நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: கட்டுமரத்துக்கு உள்கூடு இல்லை, இதற்கு உண்டு. பின்பக்கத்து வடிகால் திருகு சரியாக மூடாவிட்டாலோ ஓட்டில் வெடிப்பு இருந்தாலோ, உள்ளே தண்ணீர் ஏறுவது நமக்குத் தெரியாது. கரையை விட்டுக் கிளம்பும் முன் அந்தத் திருகைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

2025 ஜனவரி 15, மாட்டுப்பொங்கல் அன்று விடியற்காலை நண்பருடைய காரில் கிளம்பினோம். கூரையில் இரண்டு கயாக். ஒன்று அவருடையது, மற்றது அவர் மருமகனுடையது. ஒவ்வொன்றும் சுமார் மூன்றரை மீட்டர் நீளம், இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடை. கூரைக் கம்பியோடு நாடா போட்டுக் கட்டுவது மட்டும் போதாது. முன்மூக்கையும் பின்மூக்கையும் பம்பரோடு தனித்தனிக் கயிற்றால் பிணைக்க வேண்டும். வேகம் எடுத்ததும் நாடா காற்றில் 'உம்ம்' என்று அலறத் தொடங்கியது. பன்வேல் தாண்டி நிறுத்தி, நாடாவை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டியதும் நின்றது. தட்டையான நாடா காற்றில் துடிக்கும், முறுக்கியது துடிக்காது. பெரிய பாலங்களின் வடக்கம்பிகளிலும் இதே தொல்லைதான், அளவுதான் வேறு.

மும்பையிலிருந்து ஹொன்னாவர் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் ஓர் இரவு. சாலையில் நாங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். வழியில் பல இடங்களில் மாற்றுப்பாதை, தூசி. அதை விரித்துச் சொல்வதற்கில்லை. அந்தச் சாலையில் ஊருக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்குச் சுவையாக இருந்தது ஆறுகள்தான். மகாடில் சாவித்ரி, சிப்ளூணில் வாசிஷ்டி, கோவாவில் மாண்டோவி, ஜுவாரி, கார்வாரில் காளி, பிறகு கங்காவளி, அகநாசினி, கடைசியில் ஷராவதி. எல்லாம் மேற்குத் தொடரில் பிறந்து, குறுகிய தூரம் ஓடி, அரபிக்கடலில் சேர்பவை. நம் காவிரியும் தாமிரபரணியும் போலச் சமவெளியில் நெடுநேரம் நடந்து களைத்து வருவதில்லை. ஆகவே கடல் ஏற்றம் இவற்றுக்குள் பல கிலோமீட்டர் புகுந்து வரும். பாதி நாள் ஆறு, பாதி நாள் கடல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாலத்து வேலை பார்த்தவன் பாலத்தில் சும்மா போக முடியாது. சாவித்ரியில் பழைய பாலம் 2016 ஆகஸ்ட் 2 இரவு வெள்ளத்தில் போனது. பேருந்துகளோடு போன உயிர்கள் பல. கார்வாரில் காளி ஆற்றின் பழைய பாலம் 2024 ஆகஸ்ட் 7 நள்ளிரவுக்குப் பின் இடிந்தது. அப்போது ஆற்றில் விழுந்த லாரியின் ஓட்டுநர் ஒரு தமிழர். அவரை உள்ளூர் மீனவர்களும் போலீசாரும் உயிரோடு மீட்டார்கள். புதிய பாலத்தில் ஓரமாகப் பார்த்துக்கொண்டே போனபோது நண்பர் கையெடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

கரையோரச் சந்தைகளில் நிறுத்தி மீன் பார்ப்பது நண்பருடைய பழக்கம். நம் வீட்டுப் பெண்களுக்கும் உதவும் என்பதால் பெயர்களை எழுதுகிறேன். நம் வஞ்சிரம் மராட்டியில் சுர்மை, மங்களூர்ப் பக்கம் அஞ்சல். காலா மீனைத்தான் மும்பையில் ராவஸ் என்கிறோம். கானாங்கெளுத்தி பாங்டா. கிழங்கான் கோவாவில் முடோஷி, கன்னடக் கரையில் காணே. அதற்கு அங்கே இருக்கும் மரியாதையைப் பார்த்து நண்பருக்கு ஆச்சரியம். நாங்கள் தேடிப் போன கொடுவாய் ராய்கட் பக்கம் ஜிதாடா, கோவாவில் சோணக். ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் உப்பு நீரை நோக்கிப் போகும் மீன் அது. சின்ன வயதில் ஆணாக இருப்பதே பெரிதானதும் பெண்ணாக மாறிவிடும். பாலத்தூண், வேர், பாறை என்று ஏதாவது ஒரு நிழலில் பதுங்கி நின்று, ஓட்டத்தில் வரும் இரையைப் பிடிக்கும். ஆகவே கொடுவாய்க்கு ஓட்டம் வேண்டும். மீன் பிடிக்க நல்ல இடமும் நமக்கு ஆபத்தான இடமும் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

ஹொன்னாவரில் ஷராவதி கடலில் சேருமிடம் மிக அகலம். கொங்கண் ரயில்பாதையிலேயே நீளமான பாலம் அங்கேதான், 2 கிலோமீட்டரைத் தாண்டும். ஆற்றுக்குள் தீவுகள் உண்டு. மாவினகுர்வே என்று ஓர் ஊரே தீவில் இருக்கிறது. குர்வே என்றால் ஆற்றுத்தீவு. நாங்கள் போனது பெயர் தெரியாத ஒரு சின்னத் தீவு. தென்னை பத்து, சுற்றிலும் அலையாத்தி மரம். மேலே, ஜோக் அருவிக்கு அப்பால் லிங்கனமக்கி அணை 1964 முதல் இருக்கிறது. அங்கே மின்சாரம் எடுத்த நீரைக் கீழே கெருசொப்பா அணையில் தேக்கி, மறுபடியும் மின்சாரம் எடுத்து ஆற்றில் விடுகிறார்கள். இதனால் மற்ற ஆறுகள் இளைத்துவிடும் கோடையிலும் ஷராவதியில் நன்னீர் வந்துகொண்டே இருக்கும். பக்கத்து அகநாசினியைவிட இங்கே உப்பு குறைவு. இந்தச் செய்தி எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான் பின்னால் வரப்போகும் கதை.

கடல் ஏற்றத்துக்கு மராட்டிக்காரர்கள் பர்த்தி என்றும், வற்றத்துக்கு ஓஹோட்டி என்றும் சொல்வதை மும்பையில் கேட்டிருப்பீர்கள். இதன் நேரத்தைக் கண்டுபிடிக்கக் கொங்கண் மீனவர்களிடம் ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு. அமாவாசை அல்லது பௌர்ணமியிலிருந்து எத்தனையாவது திதியோ, அதை முக்காலால் பெருக்கு. பன்னிரண்டு மணிக்குப் பிறகு அத்தனை மணிக்கு உச்ச ஏற்றம். அஷ்டமி என்றால் எட்டு முக்கால் ஆறு, ஆறு மணிக்கு. சதுர்த்தி என்றால் மூன்று மணிக்கு. காரணம் நேரானது. சந்திரன் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதித்து வருகிறது. கடலும் அதன் பின்னே வருகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிடம். இரண்டுக்கும் நடுவே வற்றம். இந்த வாய்ப்பாடு மும்பைக்குச் சுமாராகப் பொருந்தும். தெற்கே ஹொன்னாவருக்கு ஏறக்குறைய ஒரு மணி முன்னதாகவே வந்துவிடும். ஏற்றத்தின் உயரமும் தெற்கே குறைகிறது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கார்வார்ப் பக்கம் இரண்டு மீட்டர் அளவு. தூத்துக்குடியில் ஒரு மீட்டர்கூடத் தேறாது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். வற்றம் ஆறு மணி நேரமும் ஒரே சீராக இறங்காது. மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, கடைசி மணியில் ஒன்று. நடுவில் வேகம், இரு முனைகளிலும் மெதுவு. நான் கொங்கண் பாதை வேலையில் இருந்த ஆண்டுகளில், தூண் வேலை நடக்கும் ஆறுகளில் அளவுகோலை நட்டு மணிக்கொரு தரம் நீர்மட்டம் எழுத வைத்திருக்கிறேன். இந்தப் பங்குகள் ஏறக்குறைய அப்படியே வரும். ஆகவே இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

நாங்கள் இறங்கிய நாள் ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, தேய்பிறைச் சதுர்த்தி. "சங்கடஹர சதுர்த்தியும் அதுவுமா தூண்டிலைத் தூக்கிட்டுப் போகணுமா?" என்று முந்திய இரவே போனில் வீட்டில் கண்டனம் வந்தது. திதிதான் எனக்குக் கணக்கு. உச்ச ஏற்றம் மும்பையில் மூன்று மணி, இங்கே இரண்டு. அதற்கு ஆறு மணி முன்னால், அதாவது காலை எட்டுக்குக் கொஞ்சம் முன், கடைசி வற்றம். கைபேசியும் அதையே சொன்னது. திட்டம் இது: பொழுது புலரும் நேரத்தில் இறங்கினால், வற்றத்தின் வால் நம்மைக் கீழே தீவுக்குக் கொண்டுபோய் விடும். எட்டு மணிக்கு நீர் திரும்பும். ஏற்றம் நம்மைத் தூக்கிக்கொண்டு மேலே, கார் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவரும். போக வர ஆறே வண்டி இழுக்கும். கடைசி மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதானே, இழுப்பும் இராது.

நண்பர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீவாடு எப்படின்னு அங்க போய்ப் பாப்போம்" என்றார். நீவாடு என்பது அவர்கள் கரையில் நீரோட்டத்துக்குச் சொல்லும் பெயர். மட்டம் ஒரு முழம் ஏறி இறங்கும் கடலில் வளர்ந்தவருக்கு மட்டம் ஒரு பொருட்டல்ல, நீவாடுதான் எல்லாம். நான் அதை அப்போது கவனிக்கவில்லை.

ஆறே முக்காலுக்கு இறங்கினோம். பனி, தென்னைகளுக்குப் பின்னால் ஒரு ரயில் போகும் சத்தம். கிழக்கேயிருந்து மெல்லிய காற்று முதுகில் பட்டது. குளிர்காலக் காலையில் தரை குளிர்ந்து, காற்று மலையிலிருந்து கடலுக்குப் போகும். பத்து, பதினொரு மணிக்குமேல் திசை மாறிக் கடலிலிருந்து வரும். துடுப்பு போடவே வேண்டியிருக்கவில்லை. கால் மணியில் தீவு வந்துவிட்டது. "பாரும், ஆறு நமக்கு வேலைக்காரன்" என்று நான் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

தீவின் கீழ்முனையில், வேர்களை ஒட்டி உயிர் இறால் போட்டோம். நண்பருக்கு ஒரு சங்கரா, கையளவு, விட்டுவிட்டார். எனக்கு இரண்டு தரம் வேரில் சிக்கித் தங்கூசி அறுந்தது. எட்டு மணி ஆயிற்று. எட்டேகால் ஆயிற்று. கரையோரச் சேற்றில் ஈரக்கோடு கீழே போவது நின்றுவிட்டது. மட்டம் அடியைத் தொட்டாகிவிட்டது. "திரும்பியாச்சு, கிளம்புவோம்" என்று சொல்லிவிட்டு, தீவின் மறைவிலிருந்து நடு ஆற்றுக்கு வந்தேன்.

ஆறு திரும்பவில்லை. கடலை நோக்கி இன்னும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

சரி, இன்னும் ஐந்து நிமிடம் என்று எண்ணித் துடுப்பை அழுத்தினேன். கரையில் சாய்ந்து நின்ற ஒரு தென்னையைக் குறி வைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் வலித்தபின் பார்த்தால் அதே தென்னை. நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம் என்றால் கேட்க அற்பமாக இருக்கும். அது மணிக்கு 3.6 கிலோமீட்டர். அறுபதைத் தாண்டியவன் தொடர்ந்து வலிக்கக்கூடிய வேகமும் ஏறக்குறைய அதேதான். போதாததற்குக் கிழக்குக் காற்று நெஞ்சில். திரும்பிப் பார்த்தால், முகத்துவாரத்தில் மணல்திட்டின் மேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. வெளியே போகும் ஓட்டமும் உள்ளே வரும் அலையும் மோதுமிடத்தில் அலை செங்குத்தாக எழும். அங்கே போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டிய தேவை இல்லை.

கை ஓய்ந்துவிட்டது. நங்கூரத்தைப் போட்டு இளைப்பாறலாம் என்று நினைத்தேன். கைக்கு எட்டுவது இடுப்புக்குப் பக்கத்திலிருந்த வளையம். அதிலேயே கயிற்றைக் கட்டிப் போட்டேன். நான் செய்த தவறுகளில் இதுவே பெரியது. நங்கூரம் பிடித்ததும் கயாக் ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பி நின்றது. நீள்வாக்கில் நின்றால் இந்த ஓட்டம் கயாக்கைத் தள்ளும் விசை ஒன்று, ஒன்றரைக் கிலோ எடையளவுதான். குறுக்கே நின்றால் பதினைந்து கிலோவுக்கு மேல். அத்தனையும் ஒரு பக்கத்து வளையத்தைக் கீழ்நோக்கி இழுக்கிறது, மறுபக்கம் தூக்குகிறது. கணக்கெல்லாம் பிறகு போட்டது. அப்போது நடந்தது இரண்டு நொடி. வானம் தெரிந்தது, பிறகு பச்சைத் தண்ணீர்.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன். நண்பர் காரை விட்டு இறங்கும்போதே மாட்டி, வார்களை இறுக்கியும் விட்டிருந்தார். அது மேலே தூக்கிவிட்டது. கண்ணாடியும் தூண்டிலும் போயின. கயாக் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்துவது சுலபமாக இருந்தது, ஏறுவதுதான் முடியவில்லை. நெஞ்சைத் தளத்தில் போட்டு, காலை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு உருண்டு ஏற வேண்டும். இளவயதுக்காரர் செய்துவிடுவார். நான் மூன்று முறை முயன்று மூன்று முறையும் நழுவினேன். கயிற்றில் ஒரு கண்ணி போட்டுத் தொங்கவிட்டிருந்தால், அங்கவடி போலக் கால் வைத்து ஏறியிருக்கலாம். அதுவும் எங்களிடம் இல்லை.

நண்பர் வந்து சேர்ந்ததும் முதலில் செய்தது, என் நங்கூரக் கயிற்றை அறுத்தது. "அண்ணாச்சி, அதை விட்டுருங்க. என் வாலைப் பிடிங்க. மேல ஏற வேண்டாம், மேல போகவும் வேண்டாம். குறுக்க போவோம்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. ஓட்டத்தை எதிர்க்காமல், அது கொண்டுபோகட்டும் என்று விட்டு, அவர் முழு பலத்தையும் பக்கவாட்டில் கரையை நோக்கிப் போட்டார். நடுவில்தான் வேகம், ஓரத்தில் ஆழம் குறைவு, உராய்வு அதிகம், ஓட்டம் மெதுவு. இது என் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இருநூறு மீட்டர் கீழே போயிருப்போம், தென்கரை அலையாத்தியின் ஊன்றுவேர் கையில் கிடைத்தது. என் கால் சேற்றில் பட்டது. சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், "மதினிகிட்ட நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?" என்று மட்டும் கேட்டார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

வேர்களில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். என் கயாக்கில் ஓரத்திலிருந்தபடியே ஏறிக்கொண்டேன். ஈரச் சட்டை, குளிர்காற்று, பல் கிட்டியது. நண்பர் பையிலிருந்த பொங்கல் முறுக்கைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் தூண்டிலை எடுத்தார். "இப்பவுமாவே?" என்றேன். "மீனுக்கு இல்ல அண்ணாச்சி, பாருங்க" என்று ஈயக்குண்டை அடிவரை இறக்கினார். மேலே மிதந்த சருகு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கூசியோ கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கம், மலையை நோக்கிச் சாயத் தொடங்கியது. "அடியில திரும்பிட்டு. மேலதான் இன்னும் போவுது" என்றார்.

என் படிப்பு அந்த நிமிடம்தான் வேலை செய்தது. உப்பு நீர் கனமானது. ஏற்றம் உள்ளே வரும்போது அது அடியில் ஆப்பு போல நுழைகிறது. ஆற்றின் நன்னீர் இலேசானது. அணையிலிருந்து வந்துகொண்டே இருப்பது. அது மேலே ஒரு படலமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மட்டம் உயரத் தொடங்கிய பிறகும் மேல்நீர் வெளியேதான் போகும். ஒரு சாண் ஆழம்கூட நீருக்குள் இறங்காத கயாக் அந்த மேல்படலத்தில்தான் நிற்கிறது. நான் அத்தனை வருஷம் கோல் நட்டு அளந்தது மட்டத்தை, ஓட்டத்தை அல்ல. எங்கள் தூண்களுக்கு மட்டம் தெரிந்தால் அன்றாட வேலைக்குப் போதுமானதாக இருந்தது. அட்டவணையில் அச்சடித்திருக்கும் நேரமும் மட்டத்துக்குத்தான். அதுவும் கைபேசி காட்டியது கார்வார்த் துறைமுகத்து நேரம், இந்த ஆற்றுடையது அல்ல.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது தூண்டில் வளைந்தது. மூன்று கிலோ இருக்கும், கொடுவாய். இருமுறை துள்ளிக் குதித்து, வேருக்குள் ஓடப் பார்த்தது. நண்பர் விடவில்லை. செவுள் மூடியின் விளிம்பு கத்தி போல இருக்கும் என்று துணியைச் சுற்றித்தான் பிடித்தார்.

ஒன்பதரை ஆவதற்குச் சற்று முன் சருகுகள் தயங்கி, நின்று, திரும்பின. அதன்பின் நாங்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம் என்றே சொல்லலாம். கடற்காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து முதுகைத் தள்ளியது. தங்கியிருந்த வீட்டு அம்மாள் மீனைத் தேங்காயும் கொக்கம் புளியும் போட்டுக் குழம்பாக வைத்துக்கொடுத்தார். நான் சதுர்த்தி என்று சொல்லி அன்று சாப்பிடவில்லை. நண்பர் என்னை நம்பாத பார்வை பார்த்தார்.

மறுநாள் அவர் ஓய்வெடுக்க, நான் மட்டும் கரையில் ஒரு கோலை நட்டு, ஒரு கோணி தேங்காய்மட்டையோடு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மட்டையை நீரில் விட்டு, அது போகும் திசையையும் கோலில் மட்டத்தையும் எழுதினேன். வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்களே எனக்கு உதவியாளர்கள். மட்டம் மிகக் கீழே இருந்தது 8.50க்கு. மட்டை திரும்பியது 10.05க்கு. இடைவெளி ஒரு மணி பதினைந்து நிமிடம்.

அந்த நான்கு பையன்களுக்கு: தாளின் நகல் என்னிடம் இருக்கிறது, தருகிறேன். ஆனால் அது ஷராவதிக்கு, ஜனவரிக்கு, அணையிலிருந்து அன்று வந்த நீருக்கு மட்டும். நீங்கள் போகிற ஆற்றில், இறங்குவதற்கு முந்தின நாள் நீங்களே மட்டை விட்டுப் பாருங்கள். பக்கத்தில் வலை காயவைக்கும் மனிதரிடமும் கேளுங்கள், அவர் திதியோடு சொல்வார். போகும்போது ஓட்டத்தை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவரட்டும். நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம். நங்கூரம் முனையில் கட்டுங்கள், இடுப்பருகே அல்ல. இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள், கையெட்டும் இடத்தில் ஒரு கத்தி இருக்கட்டும். ஏறுவதற்குக் கயிற்றுக் கண்ணி ஒன்று. கவிழ்ந்து ஏறிப் பழகுவதை இடுப்பளவு தண்ணீரில் ஊரிலேயே செய்துவிடுங்கள். ஜூன் வந்துவிட்டால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். விசைப்படகுகளே ஜூன், ஜூலை இரண்டு மாதமும் கரையில்தான் இருக்கும்.

நண்பர் வரும் ஜனவரியில் மறுபடியும் போகலாம் என்கிறார். இந்தத் தடவை திதி பார்க்கும் வேலை அவருக்கு, மட்டை விடும் வேலை எனக்கு என்று பேச்சு. வீட்டில் இன்னும் கேட்கவில்லை.